இடைக்கால ஐரோப்பியக் கலை: எது எந்த நூற்றாண்டுக்கு உரியது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இடைக்கால ஐரோப்பியக் கலையைக் கற்க வருகிற மாணவர்கள் பெரும்பாலும் பாணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். அரைவட்ட வளைவும் பருத்த சுவரும் இருந்தால் ரோமனெஸ்க், கூர்வளைவும் மெலிந்த சுவரும் அதைப் புறத்திலிருந்து தாங்கும் உதைவளைவுகளும் இருந்தால் கோத்திக் என்று சொல்லிப் பழகுவதற்கு அதிக நாள் பிடிக்காது. அதில் தவறில்லை, ஆனால் அந்தப் பெயர்களோடு மட்டும் ஒரு பேராலயத்தின் முன் போய் நிற்பவர், தம் கண்ணில் படுவதெல்லாம் இடைக்காலத்தின் கைவேலை என்று நம்பிவிடுகிறார். எந்தக் கல், எந்த நிறம், எந்த முகம் எந்த நூற்றாண்டுக்கு உரியது என்று பிரித்தறிவதே இத்துறையின் முதல் பாடம் என்பது என் கருத்து.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள ஓத்தன் நகரத்துப் புனித லாசர் பேராலயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்கு வாசலுக்கு மேலுள்ள அரைவட்டப் பரப்பில், 1130ஆம் ஆண்டையொட்டி, இறுதித் தீர்ப்பு நாள் செதுக்கப்பட்டது. நடுவே கிறிஸ்து பேருருவமாக அமர்ந்திருக்க, ஒருபுறம் ஆன்மாக்கள் விண்ணகத்துக்குள் ஏற்றப்படுகின்றன. மறுபுறம் ஆன்மாவைத் துலாக்கோலில் நிறுக்கும்போதே தட்டைத் தன் பக்கம் சாய்க்கப் பார்க்கிறது பேய். 1766இல் அப்பேராலயத்தின் குருமார்களுக்கு இச்சிற்பம் நாகரிகமற்றதாகப் பட்டது. அதன்மேல் சாந்து பூசி மூடினார்கள். பூச்சுக்கு வெளியே துருத்தி நின்ற கிறிஸ்துவின் தலையை வெட்டியெடுத்தார்கள். ஆனால் அந்த அவமதிப்பே காவலாகவும் அமைந்தது: சில பத்தாண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வந்து பல ஆலயங்களின் உருவங்கள் உடைபட்டபோது, இங்கே உடைப்பதற்கு வெற்றுச் சுவரே தெரிந்தது. 1837இல் பூச்சு அகற்றப்பட்டது. தலையோ 1948இல்தான் தன் கழுத்துக்குத் திரும்பியது. கிறிஸ்துவின் காலடியில் பொறிக்கப்பட்டுள்ள கிஸ்லெபெர்டுஸ் என்ற பெயர் சிற்பியுடையது என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. ஆலயத்தோடு தொடர்புடைய ஒரு பெருமகனின் பெயராக அது இருக்கலாம் என்று பின்னர் ஒரு வாதம் எழுந்தது. ஒற்றைப் பெயரைக் கொண்டு ஒரு மேதையின் வாழ்க்கையையே கட்டியெழுப்பும் ஆசை நம் துறையில் சற்று அதிகம்.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் முகப்பில் வரிசையாக நிற்கும் 28 அரசர்களின் கதை இதற்கு மாறானது. அவர்கள் விவிலியம் கூறும் யூதாவின் அரசர்கள். பிரெஞ்சு அரசர்கள் என்று கருதிய புரட்சிக்காரர்கள், 1793இல் அவர்களைத் தலை துணித்துக் கீழே தள்ளினார்கள். இன்று அங்கே நிற்பவை 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் வைக்கப்பட்ட சிலைகள். மூலத் தலைகளில் 21, 1977இல் பாரிசின் ஒரு கட்டடத்தில் நடந்த வேலையின்போது மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன. அவற்றில் பூசியிருந்த நிறத்தின் எச்சங்களும் தெரிந்தன. இப்போது அவை குளூனி அருங்காட்சியகத்தில் உள்ளன. கோபுரத்திலிருந்து நகரத்தை வெறித்து நோக்கும் கொம்பு முளைத்த விசித்திர உருவங்கள், இடைக்காலத்தின் அடையாளமாகவே அஞ்சலட்டைகளில் விற்கப்படுகின்றன. அவையும் வியொலே லெ டுக் என்ற கட்டடக் கலைஞரின் 19ஆம் நூற்றாண்டுக் கற்பனை. 2019ஆம் ஆண்டுத் தீவிபத்து பேரிழப்பாயினும் ஆய்வாளருக்குச் சில உண்மைகளைத் திறந்து காட்டியது. 1160களிலேயே கற்களைப் பிணைக்க இரும்புக் கவ்விகள் பெருமளவில் பயன்பட்டன என்பது அவற்றுள் ஒன்று.

ஓவியத்தில் காலம் வேறு வகையில் குறுக்கிடுகிறது. இத்தாலியின் அசிசி நகரிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில் 13ஆம் நூற்றாண்டு ஓவியர் சிமாபுவே தீட்டிய சுவரோவியங்களில், ஒளி விழ வேண்டிய இடங்கள் கறுத்தும் நிழல்கள் வெளுத்தும் காணப்படுகின்றன. அவர் பயன்படுத்திய ஈய வெள்ளை வேதிமாற்றமுற்றுக் கறுத்துவிட்டதே காரணம். இதையறியாமல் அவருடைய ஒளியமைப்பைப் பற்றி எழுதுவது வீண். அதே நாட்டின் பாதுவா நகரில் 1305ஆம் ஆண்டளவில் முடிவுற்ற, ஓவியர் ஜோட்டோவின் சுவரோவியங்களோ வேறொரு வாசிப்புக்கு இடமளிக்கின்றன. ஈரச் சாந்தின்மேல் தீட்டும் முறையில் ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கே சாந்து பூசுவார்கள். பிந்திய பூச்சு முந்தியதன் ஓரத்தில் ஏறியிருப்பதைக் கொண்டு, வேலை நடந்த வரிசையைச் சாய்வெளிச்சத்தில் நாம் பின்தொடர முடிகிறது. உலர்ந்த பிறகு பூசிய நீலம் அந்தப் பிடிப்பின்றிப் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது.

எந்த நூற்றாண்டைக் காப்பது என்ற கேள்வி பிரான்சின் சார்த்ர் நகரப் பேராலயத்தில் சச்சரவாகவே மூண்டது. 1194ஆம் ஆண்டுத் தீக்குப் பின் எழுந்த அக்கட்டடத்தின் உட்சுவர்களில், மெழுகுதிரிப் புகையின் கறுமைக்கு அடியில், இளங்காவி நிறப் பூச்சும் அதன்மேல் வெண்கோடுகளால் வரைந்த கல்லிணைப்புகளும் மறைந்திருந்தன. 2009 முதல் நடந்த சீரமைப்பில் அவை மீட்கப்பட்டன. அந்த இருளில்தான் நிறக்கண்ணாடிச் சாளரங்கள் ஒளிர்ந்தன என்று பலர் வருந்தினர். சுவர்களைப் பொறுத்தவரை நான் சீரமைத்தவர்களின் பக்கம் நிற்கிறேன். மூலப் பூச்சு போதிய அளவில் எஞ்சியிருந்தது. ஆனால் தூணின்மேல் வீற்றிருக்கும் மாதாவின் சிலையையும் வெளுப்பாக வண்ணம் தீட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. அச்சிலை 16ஆம் நூற்றாண்டினது. தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர்கள் வணங்கியது அதன் கறுத்த முகத்தைத்தான்.