அவசரப்படுத்தினால் வராத புரதம்

வணக்கம் நேயர்களே. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு வெறும் கொழுப்புப் படலம் இல்லை. அதில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கின்றன, மருந்துகளில் பாதிக்கு மேற்பட்டவை பிடித்துக்கொள்வதும் இந்தப் புரதங்களைத்தான். ஆனால் இயற்கையில் இவை மிகக் குறைவாகவே கிடைக்கும், அதனால் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி அதையே தயாரிக்கச் சொல்கிறோம்.

சாதாரணப் புரதம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சவ்வுப் புரதமோ தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் ரகம், புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமிலிருந்து வெளிவரும்போதே அதைப் பிடித்து சவ்வுக்குள் செருகியாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ‘செக்’ என்ற வாசல் பாக்டீரியாவிடம் அளவோடுதான் இருக்கிறது, அதன் சொந்தப் புரதங்களும் அதே வழியாகத்தான் போக வேண்டும். நாம் அவசரப்பட்டு உற்பத்தியை முடுக்கிவிட்டால் வாசலில் நெரிசல், புரதம் உள்ளேயே கட்டியாகத் திரண்டுவிடும், பாக்டீரியாவும் வளராமல் நின்றுவிடும் அல்லது செத்துவிடும்.

1996-இல் மிரூ, வாக்கர் என்ற இருவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. புரதத் தயாரிப்புக்குப் புகழ்பெற்ற பிஎல்21 என்ற ஈ.கோலை ரகத்தில், இந்த நச்சுச் சுமையைத் தாங்கிப் பிழைத்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள், அப்படிக் கிடைத்தவைதான் சி41, சி43. இவை எப்படிப் பிழைத்தன என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது: நாம் செலுத்தும் மரபணுவைப் படியெடுக்கும் நொதியான டி7 பாலிமரேஸை உருவாக்கும் மரபணுவின் தொடக்க விசையில் ஏற்பட்ட மாற்றம் அதைத் தளர்த்திவிட்டது, அதனால் உற்பத்தியின் வேகம் குறைந்தது. அவ்வளவுதான்! மெதுவாகச் செய்ததால் நல்ல புரதம் அதிகமாகக் கிடைத்தது.

அதனால் புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எடுத்த எடுப்பில் 37 டிகிரியில், உற்பத்தியைத் தூண்டிவிடும் வேதிப்பொருளான ஐபிடிஜியை அள்ளிக் கொட்டாதீர்கள். 18, 20 டிகிரிக்கு இறக்குங்கள், ஐபிடிஜியைக் குறையுங்கள், இரவு முழுக்க வளரவிடுங்கள். புரதத்தின் வால் முனை செல்லுக்கு உள்பக்கம் இருந்தால் அதில் பச்சை ஒளிர் புரதத்தை ஒட்டிப் பாருங்கள். கட்டியாகிப் போனவை பொதுவாக ஒளிராது, சவ்வில் சரியாக அமர்ந்தவை ஒளிரும், ஆக சின்னக் குழாயிலேயே பல ரகங்களை ஒப்பிட்டுவிடலாம். அப்புறம் சவ்விலிருந்து பிரிக்க டிடர்ஜென்ட் தேட வேண்டும், அது தனிப் போராட்டம், பலரும் டிடிஎம் என்ற மென்மையான டிடர்ஜென்ட்டில்தான் தொடங்குகிறார்கள்.

இத்தனைக்கும் வராத மனிதப் புரதங்கள் உண்டு. சர்க்கரைச் சங்கிலியோ கொலஸ்ட்ராலோ இல்லாமல் இயங்காதவற்றை ஈ.கோலையிடம் கேட்டுப் பயனில்லை, பூச்சி செல்லுக்கோ பாலூட்டி செல்லுக்கோ தயங்காமல் மாறிவிடுங்கள்.