ஒலிபெருக்கி ஊதும் காற்று

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

என் குரலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் அந்த ஒலிபெருக்கியிலிருந்தே இன்றைய உரையைத் தொடங்குகிறேன். சென்ற மாதம் நம் மொரிஷியஸின் ரோஸ் ஹில் நகரில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு முன்னால், பழைய வானொலியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி ஒன்றை டப்பாவின் வாயில் காற்றுக் கசியாமல் பொருத்தி, எதிர்ப்பக்கத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு துளையிட்டு, தாழ்ந்த சுரம் ஒன்றை ஒலிக்கவிட்டேன். துளைக்கு அருகே ஊதுபத்தியைப் பிடித்தபோது, ஓரத்திலிருந்த புகை துளையை நோக்கி இழுபட, நேர் எதிரே இருந்த புகையோ கோடு போட்டாற்போல் ஒரு முழ தூரம் பாய்ந்தது. விசிறி எங்கே என்று கேட்டு ஒரு சிறுமி டப்பாவைத் திறந்தே பார்த்துவிட்டாள்.

விசிறி இல்லை. ஒலிபெருக்கியின் திரை பின்வாங்கும்போது துளையைச் சுற்றி எல்லாத் திசைகளிலிருந்தும் காற்று மெல்ல உள்ளே வருகிறது. திரை முன்னே வரும்போது அதே காற்று துளையின் விளிம்பில் சுருண்டு, வளையச் சுழியாகி, நேராக விலகிப் போய்விடுகிறது. வந்த காற்றும் போன காற்றும் சமம்; ஆனாலும் முன்னோக்கிய உந்தம் மிஞ்சுகிறது. இதைச் செயற்கைத் தாரை என்கிறோம். குழாயும் காற்றமுக்கியும் வேண்டாத இந்தக் கருவி, காற்றின் பாய்வைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர்களில், அதாவது இயக்கிகளில், எனக்கு மிகவும் பிடித்தது.

இத்தகைய இயக்கிகள் எதற்கு? விமான இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று, உராய்வினால் வேகம் குறைந்து, எல்லைப் படலம் எனப்படும் ஒரு மெல்லிய படலமாகிறது என்பதை 1904ஆம் ஆண்டு ஹைடல்பெர்க்கில் ஜெர்மானிய அறிவியலாளர் லுட்விக் பிராண்டில் விளக்கினார். பின்புறம் நோக்கி அழுத்தம் ஏற ஏற, களைத்துப்போன அந்தப் படலம் நின்று, திரும்பி, பரப்பைவிட்டே பிரிந்துவிடுகிறது. தூக்குவிசை சரிந்து இழுவிசை கூடுகிறது. உருளையொன்றில் பிளவு வைத்து அந்தப் படலத்தை உறிஞ்சினால் பிரிவு தள்ளிப்போகும் என்பதையும் அவர் அப்போதே காட்டினார் என்பதால், எல்லைப் படலக் கோட்பாடும் பாய்வுக் கட்டுப்பாடும் கூடவே பிறந்தவை என்பேன்.

எவ்வளவு பலமாக ஊதுகிறோம் என்பதைவிட, எந்த இடத்தில், எந்தத் தாளத்தில் ஊதுகிறோம் என்பதே முக்கியம். பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால், பிரிந்த பகுதியைக் காற்று கடந்துபோகும் நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு தட்டு என்ற கணக்கில் தட்டினால், பாய்விலேயே இயல்பாக எழும் சுழிகள் வளர்ந்து, மேலேயுள்ள வேகமான காற்றைப் பரப்புக்கு இறக்கித் தருகின்றன.

இன்னொரு வகையான பிளாஸ்மா இயக்கியில் அசையும் உறுப்பே கிடையாது: மின்காப்புப் பட்டையின் இருபுறமும் ஒட்டிய இரு மின்முனைகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் மாறுமின்னோட்டம் கொடுக்க, ஊதா ஒளியோடு காற்று அயனியாகிப் பரப்பையொட்டி நகர்கிறது. அதன் வேகம் நொடிக்குச் சில மீட்டரே என்பது அதன் குறை. நாசாவும் போயிங்கும் 2015இல் 757 விமானத்தின் செங்குத்து வாலில் காற்றை இருபுறமும் அலைந்தாடும் தாரையாகப் பீய்ச்சும் 31 அலைதாரை இயக்கிகளைப் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தன. ஓர் எஞ்சின் நின்றுபோனால் விமானத்தை நேராக வைத்திருப்பதற்காகவே அந்த வால் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. வாலின் பின்பகுதியில் திரும்பும் பலகையான சுக்கானிலிருந்து காற்று பிரியாமல் காத்தால் வாலைச் சிறிதாக்கி எரிபொருளை மிச்சப்படுத்தலாம்.

நம் பிளேன் தே ரோஷ் காற்றாலைகளின் இதழ்களுக்கு இவை உதவுமா? இதழ்களில் ஒட்டப்படும் காற்றில் சுழிகளை உண்டாக்கும் அசையாத சிறு சுழியாக்கித் தகடுகளே நமக்கு இப்போது ஏற்றவை என்பது என் கருத்து. காரணம் கடல் உப்பு. அந்த டப்பாவைக் கடற்கரையோர வீடொன்றின் மாடியில் தென்கிழக்குக் காற்றுக்கு எதிராக வைத்திருந்தேன். மூன்றே வாரத்தில் துளையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்து, புகை கோணலாகப் போகத் தொடங்கிவிட்டது.

நன்றி, வணக்கம்.