நாற்பது பவுண்டுப் பேராசிரியர்

அவையோருக்கு வணக்கம்.

ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க மொழிக்கு எட்டாம் ஹென்றி ஏற்படுத்திய பேராசிரியர் பதவி ஒன்று உண்டு. அப்போது அதன் ஆண்டுச் சம்பளம் 40 பவுண்டு. 1855-இல் அதில் நியமிக்கப்பட்ட குருவானவர் பெஞ்சமின் ஜோவெட், பத்து ஆண்டுகள் அதே பழைய நாற்பதுக்கே பாடம் நடத்தினார். சம்பளத்தை உயர்த்தும் தீர்மானம் திரும்பத் திரும்பத் தோற்றது. காரணம், அவருடைய சமயக் கருத்து.

அதே ஆண்டு பவுலின் நிருபங்களுக்கு அவர் எழுதிய உரை வெளிவந்திருந்தது. கிறிஸ்துவின் பரிகார மரணத்துக்குத் திருச்சபையில் வழங்கிவந்த விளக்கத்தை அதில் அவர் ஏற்கவில்லை. புகார் எழுந்தது. துணைவேந்தர் முன்னிலையில், இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளான 39 விதிகளுக்கு மறுபடியும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். 1860-இல், வேதாகமத்தையும் மற்ற நூல்களைப் போலவே படித்துப் பொருள் காண வேண்டும் என்று எழுதினார். 1863-இல் வழக்கே போட்டார்கள், அது நிற்கவில்லை. அரச நியமனம் என்பதால் பதவியைப் பறிக்க வழியில்லை, அதனால் வயிற்றில் கைவைத்தார்கள். ஆனால் அதுவே அவருக்கு அனுதாபம் தேடித் தந்தது. 1865-இல் கிரைஸ்ட் சர்ச் கல்லூரி சம்பளத்தை 500 பவுண்டாக்கியது.

பேலியல் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே ஃபெலோ, அதாவது கல்லூரியின் ஆசிரிய உறுப்பினர், ஆனவர் அவர். 1854-இல் அக்கல்லூரியின் தலைவர் பதவி கைநழுவியது, 1870-இல்தான் கிடைத்தது. பிளேட்டோ மொழிபெயர்ப்பு 1871-இல் வந்தது.

நம்மைத் தொடும் கதை வேறு. இந்தியாவை ஆள அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த ஐ.சி.எஸ். போட்டித் தேர்வை வகுத்த மெக்காலே குழுவில் (1854) ஜோவெட்டும் இருந்தார். மொத்தம் 6875 மதிப்பெண். ஆங்கிலத்துக்கு 1500, கணிதத்துக்கு 1000, கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழுக்கு இடமே இல்லை. இந்திய வட்டார மொழிகளைத் தேர்வான பிறகு படித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இந்தக் கணக்கு யாருக்குச் சாதகம் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தப் 'பிறகு' படிக்கும் தமிழைச் சொல்லிக்கொடுக்க ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தவர் ஜி.யு. போப்; பேலியலில் சிற்றாலயக் குருவும் அவரே. திருவாசகத்தைப் பற்றி அவர் பேசக் கேட்ட ஜோவெட், அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிடுங்கள் என்றார். போப் வயதைச் சொல்லித் தயங்கினார். பெரிய வேலை கையில் இருந்தால் ஆயுள் நீளும், முடிக்கும்வரை இருப்பீர்கள் என்றாராம் ஜோவெட். அந்த மொழிபெயர்ப்பு நூலின் முன்னுரையில் போப்பே இதைப் பதிந்திருக்கிறார். அதில் அவர் இட்ட தேதி 1900 ஏப்ரல் 24, அவருடைய எண்பதாவது பிறந்தநாள். ஜோவெட் 1893-இலேயே காலமாகியிருந்தார்.