ஜிம்மி ஹோகனும் மூன்று ஜோடி காலுறையும்: நேயர் கேள்விக்கு விளக்கம்

கோவையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "1953-இல் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் கால்பந்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தியதைப் பற்றிப் பேசியபோது, அந்த ஆட்டத்துக்கு விதை போட்டவரே ஓர் ஆங்கிலேயர், ஜிம்மி ஹோகன் என்றீர்கள். ஆட்டக்காரராக அவர் என்ன சாதித்தார், ஐயா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது.

பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, தம்பி. 1882-இல் லங்காஷயரின் நெல்சன் ஊரில் பிறந்தார். பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்டன் என்று பல சங்கங்களில் ஆடினார். இங்கிலாந்து தேசிய அணியில் ஒருநாளும் இடம் கிடைத்ததில்லை.

ஆனால் பர்ன்லியில் ஒன்று நடந்தது. பழைய நேயர்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப் பிடிக்கும். ஒரு நாள் ஹோகன் அடித்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே போய்விட்டது. மேலாளரிடம் போய், என் கால் வைத்த இடம் தவறா, உடல் சாய்ந்துவிட்டதா என்று கேட்டார். அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்று பதில் வந்தது. நான் பள்ளியில் படித்தபோது, பந்து ஏன் கோணலாகப் போகிறது என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டேன். மைதானத்தை நான்கு சுற்று ஓடச் சொன்னார். ஓடினேன். பந்து இன்றுவரை கோணலாகத்தான் போகிறது. ஹோகன் அப்படி விடவில்லை. பதிலைத் தானே தேட ஆரம்பித்தார்.

போல்டன் அணியோடு நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகருக்குப் போனபோது, உள்ளூர் அணியை 10-0 என்று வென்றார்கள். இவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கத் திரும்பி வருவேன் என்று அன்றே சொல்லிக்கொண்டார், 1910-இல் வந்தும்விட்டார். 1912-இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில், அந்நாட்டுக் கால்பந்தை நடத்திவந்த ஹூகோ மைஸ்லோடு சேர்ந்தார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. எதிரி நாட்டுக்காரர் என்று அவரை அங்கே பிடித்து வைத்தார்கள். பிறகு ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டின் எம்.டி.கே. சங்கம் அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. போர் முடியும்வரை அங்கே பந்தை அடக்குவதையும், தரையோடு தரையாகக் கைமாற்றுவதையும் சொல்லிக்கொடுத்தார்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உரையாற்ற வந்தவருக்கு ஜெர்மன் மொழி தடுமாறியது. பத்து நிமிட இடைவேளை கேட்டு உள்ளே போனவர், போல்டன் சீருடையில் திரும்பி வந்தார். காலணியையும் காலுறையையும் கழற்றினார். பதினைந்து கஜம் தள்ளியிருந்த மரப்பலகையை நோக்கி வெறுங்காலால், வலது காலால் ஓர் உதை. பந்து துள்ளித் திரும்பியது. இரண்டு காலும் பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இடது காலால் அடுத்த உதை. பலகை இரண்டாகப் பிளந்தது. அதற்கு மேல் இலக்கணப் பிழையை யார் கவனிப்பார்கள்?

தம்பி, உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இப்பேர்ப்பட்டவரைச் சொந்த ஊர் என்ன செய்தது என்பதைத்தான். போர் முடிந்து கையில் காசில்லாமல் திரும்பினார். போரால் நொடித்துப்போன ஆட்டக்காரர்களுக்கு 200 பவுண்டு உதவி உண்டு என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கி லண்டனிலிருந்த இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் அவரிடம் மூன்று ஜோடி காக்கிக் காலுறைகளை எடுத்துக் கொடுத்தார். போர்முனைக்கு அனுப்பிய அதே காலுறை. அங்கே சிப்பாய்ப் பையன்கள் நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள் என்றாராம் அந்தச் செயலாளர். பகைவரோடு இருந்துவிட்டு வந்தவர் என்ற குத்தல் அதில் இருந்தது. ஹோகன் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

இங்கிலாந்து அவரை முழுக்க ஒதுக்கியது என்றும் சொல்ல மாட்டேன். 1938-இல் ஆஸ்டன் வில்லாவை இரண்டாம் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் 1953-இல் அந்த 6-3 முடிந்ததும், எங்களுக்குத் தெரிந்த கால்பந்து முழுக்க ஹோகன் சொல்லிக்கொடுத்தது என்று ஹங்கேரிக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் சாந்தோர் பார்ச் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ஹோகனும் அன்று வெம்பிளியில்தான் இருந்தார். வயது 71. வில்லாவின் இளம் பையன்களை ஆட்டம் பார்க்கக் கூட்டிவந்திருந்தார்.