பல ஊர் பார்ப்பதா, சில ஊரில் பழகுவதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். பயணத்தின் பயன் பல ஊர்களைப் பார்ப்பதில் இருக்கிறதா, சில ஊர்களில் தங்கிப் பழகுவதில் இருக்கிறதா என்பதே இம்மன்றத்தின் முன் உள்ள வழக்கு. தங்கிப் பழகுவதில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

நாள் கூடினால் செலவும் கூடும், ஆகவே கையில் காசு குறைந்தவர் விரைவாகப் பார்த்துத் திரும்புவதே அறிவுடைமை என்றார் எதிரணித் தலைவர். அவர் நாள்களை எண்ணினார். இடமாற்றங்களை எண்ண மறந்துவிட்டார். பத்து நாளில் ஐந்து ஊர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர் இடையில் நான்கு முறை மூட்டை கட்டுகிறார். அறையைக் காலி செய்து, நிலையத்துக்குப் போய், வண்டி பிடித்து, புதிய ஊரில் திசை தெரியாமல் நின்று, மறுபடி ஓர் அறையைக் கண்டடைவதற்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் போனால் பத்தில் இரண்டு நாள் வழியிலேயே கரைந்துவிடும். அந்த இரண்டு நாளுக்கும் அவர் காசும் கொடுக்கிறார். ஒரே ஊரில் இருப்பவருக்கோ வழிச்செலவு ஒரு தடவையோடு முடிகிறது. வார வாடகை பேசினால் நாள் வாடகையைவிடப் பெரும்பாலும் குறைகிறது. சமையலறை உள்ள விடுதியாக இருந்தால் சாப்பாட்டுச் செலவும் பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது.

ஆனால், நடுவர் அவர்களே, மிச்சமாகும் பணத்துக்காக மட்டும் நான் வாதாடவில்லை. பணம் நிறைய வைத்திருக்கும் பயணி யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை: வண்டி வாசலுக்கு வருகிறது, உணவு அறைக்கு வருகிறது, அவர் சந்திக்கும் ஒவ்வொருவரும் அவருக்குப் பணி செய்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவராகவே இருக்கிறார். சிக்கனப் பயணியோ எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டாக வேண்டும், சந்தை கலையும் நேரத்தை விசாரித்தாக வேண்டும், பொதுச் சமையலறையில் பக்கத்து அடுப்புக்காரரிடம் உப்புக்குக் கை நீட்டியாக வேண்டும். இந்தச் சிறு தேவைகளின் வழியாகத்தான் அறிமுகம் பிறக்கிறது; மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே முகம் அங்கே தென்பட்டால்தான் அறிமுகம் பழக்கமாகிறது. எனவே சிக்கனமும் நிதானமும் ஒன்றுக்கொன்று துணை. வயது முதிர்ந்தவர்க்கும் உடல் நலிந்தவர்க்கும் இது எளிதன்று என்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் வசதியைக் கைவிட வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அடுத்து, இபின் பதூதாவையே துணைக்கு அழைத்தார்கள். 1325-இல் மொராக்கோவின் டாஞ்சியரிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாடு நாடாகச் சென்ற அவரைவிடப் பல ஊர் பார்த்தவர் யார் என்று கேட்டார்கள். நன்று. ஆனால் அவர் டெல்லியில் ஆண்டுக்கணக்கில் நீதிபதியாக இருந்தார். மாலத்தீவிலும் அதே பதவி வகித்தார். ஊர் மக்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன ஒருவரை, ஓடி ஓடிப் பார்த்தவர் பட்டியலில் சேர்ப்பது எதிரணிக்கு எந்த வகையில் உதவும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் சிக்கனப் பயணி அல்லர் என்பது வேறு செய்தி. அரசவைகள் அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டன.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏது இத்தனை விடுமுறை என்ற கேள்விக்கு வருகிறேன். 1971-இல் லண்டனில் செயலாளராகப் பணியாற்றிய சூ காப்பர்ட் என்ற பெண்மணிக்கும் வார இறுதிதான் கிடைத்தது. நகரவாசிகள் இயற்கை வேளாண் பண்ணைகளுக்குச் சென்று, உழைப்பைத் தந்து உணவும் உறைவிடமும் பெறும் ஏற்பாட்டை அவர் அந்த வார இறுதிகளில்தான் தொடங்கினார்; இன்று 'வூஃப்' என்ற பெயரில் அது பல நாடுகளில் நடக்கிறது. இரண்டே நாள் இருந்தாலும் அந்த இரண்டையும் ஓர் இடத்துக்கே கொடுக்கலாம். (இத்தகைய உழைப்பையும் 'வேலை' என்றே கருதும் நாடுகள் உண்டு, விசா விதியைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.)

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று எதிரணியினர் சொன்னபோது அவை கைதட்டியது, நானும் தட்டினேன். அந்தப் பழமொழி உட்கார வைத்துப் பரிமாறப்படுகிறவருக்குப் பொருந்தும். களை பறிப்பவரை, பாத்திரம் கழுவுபவரை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவரை எந்த வீடும் மூன்றாம் நாளோடு விருந்தாளியாக நினைப்பதை விட்டுவிடும். இதன் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும்: தம்மைவிட ஏழையான குடும்பத்தில் தங்கி, தின்றதற்கு ஈடாக எதுவும் தராமல், கடைசி நாணயம் வரை பேரம் பேசித் திரும்பிவிட்டு அதற்குச் சிக்கனப் பயணம் என்று பெயர் சூட்டுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த அணி வாதாடவில்லை.

முன்பின் தெரியாத வீட்டில் தங்குவது ஆபத்தன்றோ என்ற அச்சம் நியாயமானது, குறிப்பாகத் தனியே பயணம் செய்யும் பெண்களுக்கு. போரின் காயம் ஆறாத 1949-இல் டென்மார்க்கில் தோன்றிய, பயணிகளை உறுப்பினர் வீடுகளில் தங்கவைக்கும் 'செர்வாஸ்' அமைப்பு, பயணியை நேரில் கண்டு பேசிய பிறகே உறுப்பினராக ஏற்கும் முறையை வைத்திருக்கிறது. அங்கே தங்குவதற்குப் பணமும் கைமாறுவதில்லை. அச்சத்துக்கு விடை விசாரித்து அறிவதுதானே ஒழிய, விரைந்து ஓடுவதன்று.

கடைசியாக, விரைவுப் பயணிகளால்தான் ஊர்கள் வாழ்கின்றன என்றார்கள். அந்த ஊர்களில் ஒன்றைக் கேட்போம். 2024 ஏப்ரலில் வெனிஸ் நகரம், காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் குறிப்பிட்ட நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஓர் இரவாவது அந்நகரில் தங்குபவருக்கு அக்கட்டணம் இல்லை. தங்குபவர் தனியே தங்கும் வரி செலுத்துகிறார் என்று எதிரணி எழுந்து சொல்லக்கூடும், உண்மைதான். ஆயினும், தம்மை வாழவைப்பதாக நீங்கள் சொல்லும் அதே பகல்நேரப் பயணியை அந்நகரம் ஏன் வாசலில் நிறுத்துகிறது என்பதற்கு அடுத்துப் பேச வரும் நண்பர் விடை சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.