திரும்ப ஏறும் வரி

அவையோருக்கு வணக்கம்.

பொருளாதாரம் படுத்துவிட்ட காலத்தில், நுகர்வு வரியைச் சில மாதங்களுக்கு மட்டும் குறைக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வரி குறைந்தால் விலை குறையும், விலை குறைந்தால் மக்கள் வாங்குவார்கள் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மக்களைக் கடைக்கு இழுப்பது குறைந்த விலை இல்லை. அது மறுபடி ஏறப்போகும் தேதி.

2008 நவம்பர் 24 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங், மதிப்புக் கூட்டு வரியை 17.5 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைப்பதாக அறிவித்தார். டிசம்பர் 1 முதல் 13 மாதங்களுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 117.50 பவுண்டுக்கு விற்ற பொருள் 115 பவுண்டு. இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்! கடைகளே 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகை மாட்டியிருந்த நேரம் அது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று பலர் கேட்டார்கள். போதாக்குறைக்கு, மதுவுக்கும் புகையிலைக்கும் பெட்ரோலுக்கும் கலால் வரியை ஏற்றிச் சரிக்கட்டிவிட்டார்கள்.

ஜெர்மனி 2020 ஜூலை 1 முதல் ஆறு மாதங்களுக்கு அதே வரியின் பொது விகிதமான 19 சதவீதத்தை 16 ஆகவும், சலுகை விகிதமான 7 சதவீதத்தை 5 ஆகவும் இறக்கியது. 1.19 யூரோவுக்கு விற்ற ஒரு கோப்பை காபியில் மிச்சம் மூன்று சென்ட். அதற்காக யார் விலைப்பட்டியலை மாற்றி அச்சடிப்பார்கள்? மூன்று சென்ட் கடைக்காரர் கல்லாவில் நின்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை. பொதுமுடக்கத்தில் அடிபட்டவர்தானே அவரும். ஆனால் 1,190 யூரோ சலவை இயந்திரம் 1,160 ஆகிறது. முப்பது யூரோ. அடுத்த மார்ச்சில் வாங்கலாம் என்றிருந்தவர், வருஷக் கடைசிக்குள் வாங்கிவிடலாமே என்று யோசிப்பார்.

"இது நாளைய விற்பனையை இன்றைக்குக் கடன் வாங்குவதுதானே?" என்பார்கள். ஆமாம், அதேதான். இன்றைக்குக் கடையில் ஈயாடுகிறது. நாளைக்கு நிலைமை தேறும் என்று நம்புகிறோம். அப்படியானால் கடன் வாங்க இதைவிடப் பொருத்தமான வேளை ஏது? தேதி வரும்போதும் நெருக்கடி தீராமல் இருந்தால்தான் சிக்கல். அப்போது நீட்டிக்கச் சொல்லி நெருக்குவார்கள். ஒருமுறை நீட்டித்துவிட்டால், அடுத்த கெடுவை யாரும் நம்ப மாட்டார்கள், அவசரமும் போய்விடும்.

அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே உள்ள நாட்களையும் கவனியுங்கள். பிரிட்டன் விட்டது ஒரே வாரம். ஜெர்மனியில் ஜூன் 3 அன்றே செய்தி வந்துவிட்டது. அந்த நான்கு வாரத்தில் புதுக் கார் வாங்க யாருக்கு மனசு வரும்?

ஜெர்மனியில் கடைசி இரண்டு வாரம்தான் அவசரம் உச்சத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் தொற்று மறுபடி ஏறியதால் டிசம்பர் 16 அன்று, அத்தியாவசியம் அல்லாத கடைகளை அரசே மூடச் சொல்லிவிட்டது. ஜனவரி 1 அன்று வரி சொன்னபடி 19 சதவீதத்துக்குத் திரும்பியது. கடைகள் அப்போதும் திறக்கவில்லை.