லாரி இண்டிகேட்டர் போட்டுச்சு, ஆனா உங்களுக்குத் தெரியல! ஏன்?

வணக்கம் மக்களே! 12 மீட்டர் லாரி ஒன்னு சிக்னல்ல நிக்குது, அதோட பின் சக்கரத்தை ஒட்டி நீங்க சைக்கிள்ல நிக்கறீங்க. டிரைவர் ஒழுங்கா இண்டிகேட்டர் போட்டுட்டார். முன் லைட்டு முன்னாடி இருக்கறவங்களுக்கு, பின் லைட்டு பின்னாடி வர்றவங்களுக்கு. உங்களுக்கு?

பேக்ரவுண்ட் வேகமா முடிச்சிடறேன், தூங்கிடாதீங்க. ஐக்கிய நாடுகள் சபையோட 48-ஆம் எண் வாகன விதின்னு ஒன்னு இருக்கு, நிறைய நாடுகள் இதைத்தான் ஃபாலோ பண்ணுது. இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60-ல இருந்து 120 தடவைக்குள்ள மினுக்கணும். அவ்வளவுதான் பேக்ரவுண்ட்.

இப்பதான் மேட்டரே. லாரியோட சைடுல ஒரு இண்டிகேட்டர் இருக்கும் பாத்திருப்பீங்க, அது பொதுவா வண்டியோட முன் முனையில இருந்து 1.8 மீட்டருக்குள்ள இருக்கணும்னு விதி. அதோட வெளிச்சம் வண்டிப் பக்கச் சுவரை ஒட்டியே தெரியணும்னு அவசியமில்ல, பின்பக்கமா 5 டிகிரி வரைக்கும் குருட்டுக் கோணம் விட்டுக்கலாம். 5 டிகிரிதானேன்னு நினைக்காதீங்க! 8 மீட்டர் பின்னாடி போனா அது 70 சென்டிமீட்டர் அகலமாயிடுது, அதாவது லாரியை ஒட்டி நிக்கற ஒரு ஆள் முழுசா அதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்.

சரி, லாரி திரும்பும்போது உள்பக்கமா வெட்டறது எது? பின் சக்கரம். முன் சக்கரம் 12 மீட்டர் ஆரத்துல வளையுது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 6 மீட்டர்னு வைங்க. பள்ளிக்கூடத்துல நம்மள படுத்தி எடுத்த பிதாகரஸ் இங்க வர்றார் பாருங்க, பின் சக்கரம் 10.4 மீட்டர் ஆரத்துலதான் போகும். அதாவது 1.6 மீட்டர் உள்ள வெட்டும்! முன் சக்கரம் உங்களைத் தாண்டிப் போயிடுச்சு, அப்பாடான்னு இருக்கறப்பதான் பின்னாடி வர்றது உங்க இடத்துக்கே வருது. லைட்டு இருக்கறது ஒரு கோடியில, ஆபத்து இருக்கறது இன்னொரு கோடியில. எனக்கு இதை கணக்கு போட்டுப் பாத்ததும் தூக்கி வாரிப் போட்டுச்சு.

அதனாலதான் கூடுதல் லைட்டு. 9 மீட்டருக்கு மேல நீளமான லாரி, பஸ்னா ஒவ்வொரு பக்கத்துலயும் இன்னும் மூணு இண்டிகேட்டர், முடிஞ்ச அளவு சம இடைவெளியில வைக்கணும். இல்லன்னா சைடுல ஏற்கனவே இருக்கற மஞ்சள் மார்க்கர் லைட்டுல குறைஞ்சது மூணு லைட்டாவது இண்டிகேட்டரோட சேர்ந்து ஒரே நேரத்துல மினுக்கணும். இந்த ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சது, புதுசா ஓட்டை போட வேணாம், இருக்கற லைட்டையே வேலை வாங்கிக்கலாம்.

ஆனா காமெடி கேளுங்க. 6 மீட்டருக்கு மேல உள்ள லாரிக்கு முன்னாடி வைக்கற சைடு இண்டிகேட்டருக்கு குறைஞ்சபட்ச வெளிச்சம் 50 கேண்டெலா, கிட்டத்தட்ட 50 மெழுகுவத்தி. இந்த கூடுதல் மூணுக்கு? 0.6! ஒரு மெழுகுவத்தி கூட முழுசா வரல பாஸ். ஆளுக்குப் பக்கத்துலயே இருக்கறதால ரொம்ப பிரகாசம் வேணாம்னு சொல்லலாம்தான், ஆனா உச்சி வெயில்ல? குறைஞ்சபட்சத்தை ஏத்தணும்னுதான் நான் சொல்லுவேன்.

அமெரிக்கா கதை தனி. அங்க சைடு இண்டிகேட்டரே கட்டாயம் இல்ல, பின்னாடி இண்டிகேட்டர் சிவப்பா இருந்தாலும் ஓகே. பிரேக் லைட்டும் சிவப்பு, இண்டிகேட்டரும் சிவப்பு, பின்னாடி வர்றவன் யூகிச்சுக்கணும்!

அப்ப நம்மளே எல்இடி ஸ்ட்ரிப் வாங்கி லாரி முழுக்க ஒட்டிடலாமேன்னு ஒரு கோஷ்டி கமெண்ட்ல வரும். வேணாம் சாமி. தனித்தனி தாளத்துல மினுக்கினா அது இண்டிகேட்டரா, ஹசார்டா, கல்யாண சீரியல் செட்டான்னே புரியாது, ஒரே பக்கத்துல எல்லாம் ஒரே நேரத்துல மினுக்கணும்னு விதி சொல்றது இதுக்குத்தான்.

லண்டன்ல லைட்டை மட்டும் நம்பல. 12 டன்னுக்கு மேல உள்ள லாரிகளுக்கு 2024 அக்டோபர்ல விதியை இறுக்கிட்டாங்க, டிரைவர் சீட்ல இருந்து நேரடியா வெளிய தெரியற அளவுக்கு ஸ்டார் ரேட்டிங், 3 ஸ்டார் வரலன்னா பக்கத்துல ஆள் இருந்தா கண்டுபிடிக்கற சென்சார், திரும்பறப்ப வெளிய சத்தம் போட்டு எச்சரிக்கற கருவின்னு எல்லாம் மாட்டணும். பழைய லாரிக்கும் சேர்த்துதான்!

லாரி ஓட்டற அண்ணன்கள் யாராவது பாத்துட்டு இருந்தா சொல்லுங்க, உங்க வண்டியில சைடு மார்க்கர் இண்டிகேட்டரோட சேர்ந்து மினுக்குதா? இன்னைக்கு ஒருதடவை போட்டுப் பாத்துட்டு கமெண்ட்ல போடுங்க.